பொறுக்கித் தள்ளிய கச்சான்

அம்பிட்டிய
6.2.1994

அன்புள்ள மதினிக்கு,

பரிமளம் எழுதுவது. எனக்குச் சளி மட்டும் கொஞ்சம், மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி? இந்தக் குளிருக்கு அண்ணனின் முழங்கால் வலி கூடியிருக்குமே. தைலத்தைத் தேய்க்கிறாரா, இல்லை போத்தலை அலுமாரிக்கு மேல் வைத்துப் பூசை செய்கிறாரா?

வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. "அந்த லேப்புல அப்பிடி என்னதான் செய்வீங்க?" என்று கேட்டீர்களே, சொல்கிறேன். புத்தகத்தில் நிலக்கடலை என்று போட்டிருக்கிற நம் கச்சான், சோளம், கொப்பரா, செத்தல் மிளகாய் இவற்றில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கிறதல்லவா? அந்தப் பூஞ்சணம் சாமானுக்குள் ஒரு நஞ்சை ஊறவைத்துவிடுகிறது. அஃப்லாடொக்சின் என்று பேர். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் அவித்தாலும் போகாது. தின்னத் தின்னக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைக் கெடுக்கும். அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கச்சானை அரைத்து, மருந்துத் தண்ணீரில் குலுக்கி, வடித்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, இருட்டறையில் ஒரு விளக்கின் கீழே பிடிப்போம். நல்ல கச்சான் என்றால் தட்டு சும்மா கிடக்கும். நஞ்சு இருந்தால் நீலமாக ஒளிரும். வெள்ளைச் சேலைக்குப் போடுகிற நீலம் மாதிரி அப்படி ஒரு அழகு. முதல் தடவை பார்த்துவிட்டு நான், "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பெரியவர் மயில்வாகனம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஓம் பிள்ளை, வடிவுதான். தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தால் வடிவுதான்" என்றார்.

மதினி, அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தை மழையில் லொறியை மூடின படங்கு ஒழுகி, நீங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்த கச்சான் மூடை நனைந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கச்சானில்தானே பிள்ளைகளுக்கு உருண்டை பிடிக்கிறீர்கள்? அதுகள் பால்குடி மறக்காத பிள்ளைகள். அந்த மூடையிலிருந்து ஒரு இறாத்தல் எனக்கு அனுப்புங்கள். கை பழகுவதற்குப் புதிய ஆட்கள் ஆளுக்கொரு மாதிரி கொண்டுவரலாம் என்று சேர் சொல்லியிருக்கிறார். மறந்துவிடாதீர்கள்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
பரிமளம்

*

மடுல்கெல்ல
21.2.1994

என் கண்ணு பரிமளத்துக்கு உன் மதினி பாப்பம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் உன் அண்ணனும் நல்லபடியாக இருக்கிறோம். சளி என்று எழுதியிருந்தாய். அன்னலட்சுமி அம்மாவிடம் வெந்நீர் கேட்க வெட்கப்படாதே. தங்கியிருக்கிற வீடுதானே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

தைலப் போத்தல் விஷயத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "படிக்க வச்சது தப்பாப் போச்சு, இப்ப நம்மளயே கிண்டல் பண்ணுது" என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் போத்தலை எடுத்துத் தேய்த்தார். நான் பதினைந்து வருசமாகச் சொல்லிக் கேட்காத மனுசன், நீ ஒரு வரி எழுதினதும் கேட்கிறார்.

நஞ்சு கிஞ்சு என்று நீ எழுதினதைப் படித்துவிட்டு ஓடிப்போய் மூடையைத் திறந்து பார்த்தேன். மூடை நனைந்தது உண்மைதான். வாசல் இஸ்தோப்பில் பரப்பிக் காயவைத்தேன். இந்த ஊரில் வெயில் எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேலே சாக்கு விரித்தும் காயவைத்தேன். சில மணி கறுத்துப் போயிருக்கிறது, சிலது சுருங்கியிருக்கிறது. புது மூடை எப்போது வரும் என்று கேட்டால் சித்திரை கழியட்டும் என்கிறார்கள். அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது? பத்து மணிக்கு உருண்டை இல்லையென்றால் இதுகள் கூரையைப் பிய்த்துவிடும்.

நீ கேட்டபடி ஒரு இறாத்தல் கட்டி அனுப்பியிருக்கிறேன். உனக்கு வருகிற சாமான், அதுவும் கண்டியில் படித்தவர்கள் பார்க்கப்போகிற சாமான். ஆகையால் நல்ல மணியாக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். நம் வீட்டுச் சாமானைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது பார். கூடவே ஒரு சுண்டு அதிகமாக வைத்திருக்கிறேன், உன் கூட்டாளி உம்மு குல்சுமுக்கும் வறுத்துக் கொடு.

சீக்கிரம் பதில் போடு. பிள்ளைகளின் காரியம், மனது அடித்துக்கொள்கிறது.

அன்புடன்
பாப்பம்மா

*

அம்பிட்டிய
6.3.1994

என் அருமை மதினி,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பது பிறகு. சுத்தம்! தட்டில் ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. நம்ப முடியாமல் திரும்பவும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சும்மா கறுப்பாகக் கிடந்தது தட்டு. எனக்கு இருட்டறைக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. "என்னடி, பேய் புடிச்சிருச்சா?" என்று உம்மு குல்சும் கதவைத் தட்டினாள்.

உங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாக உருண்டை பிடித்துக் கொடுங்கள். இனிமேல் நானும் நிம்மதியாகத் தூங்குவேன். உங்கள் சுகம் எப்படி? அண்ணனின் முழங்கால்? என் சளி போய்விட்டது, வெந்நீர் கேட்டு வாங்கினேன்.

பரிமளம்

*

அம்பிட்டிய
20.3.1994

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே உருண்டை பிடிப்பதை நிறுத்துங்கள்.

நேற்று மயில்வாகனம் சேர் என் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். மழையில் நனைந்த மூடை என்று சொன்னேன். ஒரு சொட்டு நீலமும் இல்லையா என்று புருவத்தை உயர்த்தினார். "மூடையிலிருந்து எப்படி எடுத்தது?" என்று கேட்டார். நான் பெருமையாக, "எங்க மதினி ஒவ்வொண்ணா பாத்துப் பொறுக்கி அனுப்புனாங்க சேர்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீர் மூடையைச் சோதிக்கேல்லை. உம்மட மதினியிட கையைச் சோதிச்சிருக்கிறீர்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நஞ்சு மூடை முழுக்கச் சமமாகக் கலந்து கிடக்காதாம். ஆயிரம் மணியில் நாலு மணியில் கிடக்கும், அந்த நாலும் போதுமாம். அதனால் மேலே, நடுவே, அடியே என்று எல்லா இடத்திலும் பார்க்காமல் அள்ள வேண்டுமாம். இதைத்தான் முதல் வாரமே எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். எனக்குத் தெரியும், மதினி. நீங்கள் பொறுக்கி அனுப்பினதாக எழுதின வரியையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, என் மேல் எவ்வளவு பாசம் என்று சந்தோசப்பட்டேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், மதினிக்கு ஒரு சட்டம் என்று என் மண்டை வேலை செய்திருக்கிறது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு அள்ளி அனுப்புங்கள். கறுப்பு, சுருக்கம், உடைசல் எல்லாம் வரட்டும். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பரிமளம்

*

மடுல்கெல்ல
17.4.1994

பரிமளத்துக்கு மதினி எழுதுவது. வருசப் பிறப்புக்கு நீ வராததால் எங்களுக்கு வருசம் பிறந்த மாதிரியே இல்லை. நீ சுகந்தானே? நாங்கள் சுகம். தபால் கந்தோர் லீவு, அதனால்தான் பதில் சுணங்கிவிட்டது. உன் ரெண்டு கடிதமும் சேர்ந்து வந்தது. ஒன்று கொடு என்கிறது, மற்றது கொடுக்காதே என்கிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

அடியே, நான் உன்னை ஏமாற்றினதாக அந்த ஐயா நினைத்துவிட்டாரா? அவரிடம் சொல், வீட்டுக்குப் போகிற சாமானில் கழிவைக் கட்டி அனுப்ப எங்கள் வீட்டில் யாரும் கற்றுத்தரவில்லை என்று. இன்னொன்றும் சொல். உனக்கு மட்டும் நான் பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற கச்சானையும் தினமும் சுளகில் கொட்டி, ஒவ்வொரு மணியாகப் பார்த்துத்தான் வறுக்கிறேன். வாயில் வைத்தால் கசக்கிறதே என்று அதுகள் முகத்தைக் கோணக்கூடாது பார்.

நீ சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு மூடைக்குள் கை விட்டேன். எங்கே! கண்ணு மூடினாலும் விரல் மூடவில்லை. சுருங்கின மணி பட்டால் விரல் தானாகத் தட்டிவிடுகிறது. உன் அண்ணன் பார்த்துவிட்டு, "இது ஆவாது, ராக்கம்மாவக் கூப்புடு" என்றார். பக்கத்துக் காம்பரா ராக்கம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, கல்லா நெல்லா என்று பார்க்காமல் உலையில் போடுகிறவள். அவள் வந்து மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியே ஒன்று என்று மூன்று கை அள்ளிப் போட்டாள். அதைத்தான் கட்டியிருக்கிறேன். இந்தக் கண்றாவியை உனக்கு அனுப்ப எனக்கு மனசே இல்லை.

உருண்டையை நிறுத்திவிட்டேன். சோற்றுக் கஞ்சி கொடுக்கிறேன். அதுகள் என்னை எதிரி மாதிரிப் பார்க்கின்றன. எனக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வெயில் சூடாக இருக்கும். நீ யோசிக்காதே.

பாப்பம்மா

*

அம்பிட்டிய
2.5.1994

என் அன்பான மதினி,

உடம்பு எப்படி? சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து சாப்பிடுங்கள், அண்ணனுக்குச் செய்துபோட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்காதீர்கள்.

ராக்கம்மா அள்ளின கச்சான் ஒளிர்ந்தது, மதினி. தட்டை விளக்கின் கீழே பிடித்ததும் நீலம் பளீரென்று வந்தது. நான் இதுவரை பார்த்ததிலேயே பெரிய நீலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

சேர் என்னை அழவிடவில்லை. உங்கள் கடிதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப மிச்சக் கச்சானை உம்மட மதினி மாதிரிப் பொறுக்கும் பாப்பம்" என்றார். சுளகுக்குப் பதில் ஒரு தாளில் கொட்டி, நீங்கள் செய்கிற மாதிரியே பொறுக்கினேன். கறுத்தது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாம் ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். இரண்டையும் தனித்தனியாக அரைத்துப் பார்த்தோம்.

நல்லது சுத்தம். நஞ்சு முழுக்கத் தள்ளினதில்தான் இருந்தது!

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மதினி. இத்தனை நாளும் உங்கள் கைதான் நடுவில் நின்று தடுத்திருக்கிறது. சேர் எழுந்து போய் இரண்டு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். ஒன்று எனக்கு, ஒன்று உங்கள் பேரில் அவரே குடித்தார். இருந்தாலும் ஒரு மணி தப்பினாலும் ஆபத்து என்பதால் அந்த மூடையை இனி யாரும் தொடக்கூடாது. குழி வெட்டிப் புதைக்கச் சொல்லித் தோட்டத்துக் கந்தோருக்குச் சேர் எழுதிப் போட்டுவிட்டார். புது மூடை இந்த மாதமே வரும்.

ஒரே ஒரு கேள்வி. தை மாதத்திலிருந்து பொறுக்கித் தள்ளினதையெல்லாம் எங்கே போட்டீர்கள்? கோழிக்குப் போட்டீர்களா? அப்படியென்றால் அந்தக் கோழியையும் முட்டையையும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள். மறக்காமல் பதில் எழுதுங்கள்.

பரிமளம்

*

மடுல்கெல்ல
29.5.1994

கண்ணு பரிமளத்துக்கு உன் மதினி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் அண்ணன் சுகம்.

உன் கடிதத்தைப் பிள்ளைக்காம்பராவில் வைத்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய்மாருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ராக்கம்மா எழுந்து நின்று, "அள்ளுனது நான், பேரு மட்டும் அவளுக்கு" என்று சண்டைக்கு வந்தாள். ஒரே சிரிப்பு. மூடையைப் புதைத்தாகிவிட்டது. புது மூடை வந்துவிட்டது, நல்ல கச்சான், உருண்டை கொடுக்கிறேன். ராக்கம்மாவின் மகள் பெரிய மனுசியாகிவிட்டாள். தாய்மாமன் வத்தேகமயிலிருந்து சீர்த்தட்டு எடுத்து வந்தார். பச்சைச் சேலையில் அவள் அப்படியே நீ நின்ற மாதிரி நின்றாள். அன்னலட்சுமி அம்மாவைக் கேட்டதாகச் சொல். அந்த மயில்வாகனம் ஐயாவுக்கு என் கும்பிடு.

கோழிக்குப் போடவில்லை, பயப்படாதே. தள்ளினதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு போ.

பாப்பம்மா

*

அம்பிட்டிய
2.6.1994

மதினி,

மிச்சம் இல்லையென்றால் என்ன அர்த்தம்? கொட்டினேன் என்று எழுதவில்லை. எரித்தேன் என்று எழுதவில்லை. கோழிக்குப் போடவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை வாசித்தேன். நாலாவது தடவை வாசிக்கப் பயமாக இருந்தது.

நீங்கள் சாப்பிட்டீர்களா?

சாப்பாடு பிடிக்கவில்லை என்றீர்கள். வெயில் சூடு என்றீர்கள். அதையும் வாசித்துவிட்டு, ருசியாகச் செய்து சாப்பிடுங்கள் என்று புத்தி சொன்னேன் நான். எனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை? பிள்ளைகள் தப்பினார்கள் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேனே!

எனக்குக் கோபமாக வருகிறது, மதினி. இந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? வறுத்தால் போகாது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேனே. அதற்குப் பிறகுமா? நீங்கள் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா போனபோது நான் குழந்தை. புதுப்பெண்ணாக வந்த உங்கள் மடியில்தான் என்னைப் போட்டார்கள். இன்னொரு தடவை தாயில்லாப் பிள்ளையாக என்னால் முடியாது.

இதை அண்ணனிடம் கொடுங்கள். அண்ணன் எழுதட்டும்.

பரிமளம்

*

மடுல்கெல்ல
9.6.1994

தங்கச்சி பரிமளத்துக்கு அண்ணன் வீரையா எழுதுவது.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. உன் கடுதாசியை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. அரிசி வாளிக்கு அடியில் வைத்திருந்தாள், நான்தான் கண்டுபிடித்து எடுத்தேன்.

நீ நினைத்தது சரி. தள்ளுகிற கச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்து, மிளகாய் வைத்து இடித்து, சம்பல் மாதிரி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வாள். எனக்குத் தரமாட்டாள். "உங்களுக்குக் கசக்கும், எனக்குக் கசப்புத்தான் புடிக்கும்" என்பாள். நானும் நம்பினேன். நான் ஒரு மடையன். நீ எழுதின பிறகும் கொஞ்ச நாள் தின்றிருக்கிறாள். மூடையைப் புதைத்த பிறகுதான் நின்றது.

ஆள் மெலிந்துவிட்டாள். சேலை இடுப்பில் நிற்கவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவருகிறேன். நீ அங்கே வந்து நில். சிங்களத்தில் டாக்டரிடம் பேச எனக்கு வராது, அவளைப் பேசவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

உன் சுகத்துக்குக் கடவுள் துணை.

அண்ணன்
வீரையா

*

மடுல்கெல்ல
27.6.1994

என் தங்கப் பிள்ளை பரிமளத்துக்கு மதினி எழுதுவது. நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரத்துக்கு விழுங்குகிறேன். உன் அண்ணன் தண்ணியும் கையுமாக முன்னால் நிற்கிறார், விழுங்காமல் தப்ப முடியாது. பசி கொஞ்சம் வந்திருக்கிறது. ஈரல் லேசாக வீங்கியிருக்கிறது, வடிந்துவிடும், மூன்று மாதம் கழித்து வரவேண்டும் என்றுதானே சொன்னார்? நீ எனக்குச் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரி வாங்கிலில் உட்கார்ந்து, "ஏன் தின்னீங்க, ஏன் தின்னீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அங்கே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்ல கச்சான் பிள்ளைகளுடையது, கண்ணு. அதில் ஒரு மணி எடுத்து என் வாயில் போட்டால் தொண்டையில் இறங்காது. தள்ளினது யாருடையதும் இல்லை. அதைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. நீ நஞ்சு என்று எழுதினபோது, அது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரிய மனுசிக்கு என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அது போகட்டும். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாமல் போன ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எழுபத்து நாலாம் வருசப் பஞ்சம் உனக்கு ஞாபகம் இருக்காது. அரிசி இல்லை, மாவு இல்லை. லயத்து வீடுகளில் சனம் பசியில் விழுந்தது. எங்கேயோ இருந்து சோளம் வந்தது. பாதி பூஞ்சணம், பச்சையாகப் பிடித்திருந்தது. அதை அவித்துத்தான் உனக்குக் கொடுத்தேன். நீ இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இன்னும் இன்னும் என்று கேட்பாய். பொறுக்கித்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு அப்போது என்ன தெரியும்? நானே சின்னப் பெண். ஒரு நாள் அவசரத்தில் பொறுக்காமல் கொடுத்திருந்தால்? ஒரு கைப்பிடி தப்பியிருந்தால்?

நீ ஆஸ்பத்திரியில் என் ஈரலைப் பற்றிப் பேசப் பேச, எனக்கு இதே நினைப்புத்தான். வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் ரத்தத்தையும் பார்க்கச் சொல், கண்ணு. எனக்கு ஒன்றும் வேண்டாம். என் கையால் உனக்கு ஒன்றும் நேரவில்லை என்று மட்டும் எழுது.

உன் மதினி
பாப்பம்மா

*

அம்பிட்டிய
5.7.1994

என் மதினி,

உங்களைப் பார்த்த அதே டாக்டரிடம் நேற்றுப் போய் ரத்தம் கொடுத்தேன், இன்றைக்கு முடிவு வந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஈரல் சுத்தமாக இருக்கிறதாம். என்ன விசயம் என்று அவர் கேட்டதற்கு, "எங்க மதினிக்குச் சோறு இறங்கணும் டாக்டர், அதுக்குத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டின் பின்னால் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த டாக்டர் சொன்னதில் நான் ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. உங்கள் ஈரல் வடிந்துவிடும்.

பஞ்சம் எனக்கு ஞாபகமில்லை. பசித்ததாகவே ஞாபகமில்லை. அவித்த சோளம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதை ஒரு தின்பண்டம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மஞ்சளாக, ஒன்றுகூடக் கறுப்பில்லாமல், ஊதி ஊதி என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைப்பீர்கள். லயமே பசியில் கிடந்த வருசத்தில் நான் இன்னும் இன்னும் என்று கேட்டிருக்கிறேன், நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கையால் எனக்கு ஒன்றும் நேரவில்லை, மதினி. நான் நேர்ந்ததே உங்கள் கையால்தான்.

பாதிச் சோளம் பூஞ்சணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதெல்லாம் எனக்கு வந்தது. மற்றப் பாதியை அந்த வருசம் யார் தின்றது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

சேர் மூன்று நாள் லீவு தந்திருக்கிறார். சனிக்கிழமை வருகிறேன். நீங்கள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. நானே ஆக்கி, நானே போடுவேன். அண்ணன் காத்திருக்கட்டும், நானும் காத்திருக்கிறேன். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்.

பரிமளம்